சர்வதேச வணிக மேலாண்மை படிக்கப் போகிறவர்களுக்கு: ஒரு குடையோடு தொடங்குங்கள்

சர்வதேச வணிக மேலாண்மை என்ற பெயரைக் கேட்டதும் விமானப் பயணம், கண்ணாடிக் கட்டடம், நாலு நாட்டுக்காரர்களோடு மேசையைச் சுற்றி உட்கார்ந்து பேச்சுவார்த்தை என்று மனசில் ஒரு படம் ஓடும். எனக்கும் ஓடியது. சேர்ந்த பிறகு முதல் செமஸ்டரில் கையில் கொடுத்தது அக்கவுண்டிங், புள்ளியியல், பொருளியல், ஒப்பந்தச் சட்டம். எங்கே போனது ‘சர்வதேசம்’ என்று பாதிப் பேர் அப்போதே சோர்ந்துவிடுகிறார்கள். படித்து முடித்து, ஏற்றுமதி ஆவணங்கள் தயாரிக்கும் வேலையில் சில வருஷம் இருந்த பிறகுதான் எனக்கு ஒன்று தெளிவானது. இந்தப் படிப்பில் ஒவ்வொரு பாடத்தையும் ஒவ்வொரு ஆசிரியர் தனித்தனியாக நடத்திவிட்டுப் போய்விடுவார், அவற்றைக் கோர்த்து ஒரே சரக்கின் கதையாகப் பார்ப்பதை யாரும் சொல்லித்தர மாட்டார்கள், அதை நீங்களேதான் செய்துகொள்ள வேண்டும். அதற்கு எனக்குத் தெரிந்த மிகச் சுலபமான வழியைத்தான் இங்கே படிப்படியாக எழுதுகிறேன்.

பெயரை விடுங்கள், சிலபஸைப் பாருங்கள்

ஒரே பெயரில் பல விதமான படிப்புகள் இருக்கின்றன. சில பல்கலைக்கழகங்களில் இது வழக்கமான நிர்வாகப் படிப்புதான், கடைசி வருஷத்தில் ‘சர்வதேச’ என்று தொடங்கும் இரண்டு பாடங்களை ஒட்டவைத்திருப்பார்கள். வேறு சில இடங்களில் பொருளியலும் வர்த்தகக் கொள்கையும் பாதிக்குப் பாதி. இன்னும் சிலவற்றில் ஒரு வெளிநாட்டு மொழியும், ஒரு செமஸ்டரோ ஒரு வருஷமோ வெளிநாட்டில் படிப்பதும் கட்டாயம். அதனால் விண்ணப்பம் போடும் முன் முழுப் பாடப்பட்டியலையும் இறக்கி வைத்து, பேனாவோடு உட்கார்ந்து இவை இருக்கின்றனவா என்று பாருங்கள்: சர்வதேச நிதி, வணிகச் சட்டம், சப்ளை செயின், வர்த்தகக் கொள்கை, ஆய்வு முறைகள். இந்த ஐந்தில் மூன்றுகூட இல்லையென்றால் அந்தப் படிப்பு பெயரளவில்தான் சர்வதேசம். விருப்பப் பாடங்கள் என்று நீளமாகப் பட்டியல் போட்டிருந்தால், அவை எல்லாம் ஒவ்வொரு வருஷமும் உண்மையில் நடத்தப்படுகின்றனவா என்று மின்னஞ்சலில் கேட்டுவிடுங்கள். போதிய மாணவர்கள் சேராத பாடத்தை நடத்தாமல் விடுவது எங்கும் நடப்பதுதான்.

அங்கீகாரம் பற்றிக் கேட்பார்கள். ஏ.ஏ.சி.எஸ்.பி., ஈக்விஸ், ஆம்பா என்று மூன்று பெயர்கள் அடிக்கடி காதில் விழும். இவற்றில் ஆம்பா முக்கியமாக எம்.பி.ஏ. போன்ற முதுநிலைப் படிப்புகளைப் பார்ப்பது, மற்ற இரண்டும் நிர்வாகக் கல்லூரி முழுவதையும் பார்ப்பவை. இருந்தால் நல்லது, ஆனால் அந்த முத்திரை கல்லூரியின் தரத்தைச் சொல்லுமே தவிர, உங்கள் பாடப்பட்டியல் உங்களுக்குப் பொருந்துமா என்று சொல்லாது. ஐரோப்பியப் பல்கலைக்கழகம் என்றால் கிரெடிட் கணக்கையும் புரிந்துகொள்ளுங்கள்: அங்கே ஒரு முழு வருஷப் படிப்புக்கு 60 கிரெடிட், இளநிலைப் பட்டம் 180 அல்லது 240. பின்னால் வேறு நாட்டுக்கு மாறும்போதும் முதுநிலைக்குப் போகும்போதும் இந்தக் கணக்குதான் முன்னால் வந்து நிற்கும்.

விண்ணப்பக் கட்டுரையில் ‘உலகமயமான இன்றைய சூழலில்’ என்று தொடங்காதீர்கள். படிப்பவர் அந்த வரியை அன்றைக்கே பலமுறை படித்திருப்பார். நீங்கள் நேரில் பார்த்த ஒரே ஒரு வியாபாரத்தை எழுதுங்கள், அதில் உங்களுக்குப் புரியாமல் போன ஒரு கேள்வியையும் சேர்த்து எழுதுங்கள். சின்ன விஷயமாக இருந்தாலும் பரவாயில்லை.

முதல் செமஸ்டரில் எதை விடக்கூடாது

அக்கவுண்டிங்கை விடக்கூடாது. ‘நான் கணக்காளராகப் போவதில்லையே’ என்று தேர்ச்சி மதிப்பெண்ணுக்கு மட்டும் படிப்பவர்கள்தான் இரண்டாம் வருஷத்தில் சர்வதேச நிதிப் பாடத்தில் திணறுகிறார்கள். லாபம் வேறு, கையில் இருக்கும் பணம் வேறு என்பது உள்ளே இறங்கிவிட வேண்டும். ஏற்றுமதியில் சரக்கு இன்றைக்குப் போகும், பணம் 90 நாள் கழித்து வரும், நடுவில் சம்பளம் கொடுத்தாக வேண்டும். ஏடு முழுக்க லாபம் காட்டிக்கொண்டே ஒரு நிறுவனம் மூடப்படுவது எப்படி என்று அங்கேதான் புரியும்.

கணக்கு வராது என்று பயப்படுபவர்களுக்கு: சதவீதம், விகிதம், வரைபடம் வாசிப்பது, எளிய இயற்கணிதம், கொஞ்சம் நுண்கணிதம், இவ்வளவு இருந்தால் சமாளிக்கலாம். எக்செல்லை மட்டும் முதல் மாதத்திலேயே ஒழுங்காகக் கற்றுக்கொள்ளுங்கள், இரண்டு அட்டவணைகளை ஒரு பொதுக் குறியீட்டை வைத்து இணைக்கவும், நீளமான பட்டியலைச் சுருக்கித் தொகுத்துக் காட்டும் பைவட் டேபிள் போடவும் தெரிந்தாலே அடுத்த மூன்று வருஷத்துக்கு அது கைகொடுக்கும்.

ஒரு பொருளைப் பிடித்துக்கொள்ளுங்கள்

இதுதான் நான் சொல்ல வந்தது. முதல் வாரமே ஒரு சாதாரணப் பொருளைத் தேர்ந்தெடுங்கள். கையில் பிடிக்கக்கூடியதாக, சில உதிரிபாகங்கள் சேர்ந்து ஆனதாக, பல நாடுகளில் விற்கப்படுவதாக இருந்தால் போதும். நான் குடையை எடுத்துக்கொண்டேன். அப்புறம் ஒவ்வொரு பாடத்திலும் ஆசிரியர் எந்த உதாரணம் சொன்னாலும், வீட்டுக்கு வந்து அதே விஷயத்தைக் குடைக்குப் பொருத்திப் பார்ப்பது. நோட்டில் குடைக்கென்று ஒரு பகுதி, மாதம் இரண்டு பக்கம், அவ்வளவுதான்.

முதல் வேலை அதன் எச்.எஸ். குறியீட்டை, அதாவது சுங்கத்தில் ஒவ்வொரு வகைப் பொருளுக்கும் இருக்கும் எண்ணைக் கண்டுபிடிப்பது. உலகச் சுங்க அமைப்பு நடத்தும் இந்த வகைப்பாடு 1988-லிருந்து நடைமுறையில் இருக்கிறது. முதல் ஆறு இலக்கங்கள் இதைப் பின்பற்றும் எல்லா நாடுகளுக்கும் பொது, அதற்கு மேல் ஒவ்வொரு நாடும் தன் வசதிக்குச் சேர்த்துக்கொள்ளும். குடை 66-ஆம் அத்தியாயம், 6601. ஆனால் அதோடு முடியவில்லை. தோட்டத்தில் விரிக்கும் பெரிய குடை 6601.10, காம்பு நீண்டு சுருங்குகிற குடை 6601.91, மற்றவை 6601.99. கம்பி, கைப்பிடி போன்ற உதிரிபாகங்கள் 6603. குழந்தைகளின் விளையாட்டுக் குடை இந்த அத்தியாயத்திலேயே இல்லை, பொம்மைகளோடு 95-க்குப் போய்விடும். இதை உட்கார்ந்து தேடிப் பார்க்கும்போதுதான் தெரியும், சுங்க அதிகாரிக்கு ‘குடை’ என்று ஒரு பொருளே கிடையாது, காம்பு நீளுமா நீளாதா என்பதுதான் கேள்வி, அந்தப் பதிலைப் பொறுத்து வரி மாறலாம்.

அடுத்து, குடை எந்த நாட்டுப் பொருள்? துணி ஒரு நாட்டிலிருந்து, கம்பி இன்னொரு நாட்டிலிருந்து, தைத்துப் பூட்டுவது மூன்றாவது நாட்டில் என்றால் அது யாருடையது? தடையற்ற வர்த்தக ஒப்பந்தத்தின் கீழ் வரிச்சலுகை கேட்கும்போது இந்தக் கேள்வி வரும், இதற்குத்தான் பூர்வீக விதிகள். ஒரு ஒப்பந்தத்தில் விதி ‘உதிரிபாகத்தின் நாலு இலக்கத் தலைப்பு வேறாகவும், முடிந்த பொருளின் தலைப்பு வேறாகவும் இருக்க வேண்டும்’ என்று இருக்கலாம். அப்படியானால் 6603-ல் உள்ளே வந்த கம்பி 6601-ஆக வெளியே போகிறது, தலைப்பு மாறிவிட்டது, சலுகை கிடைக்க வாய்ப்புண்டு. இன்னொரு ஒப்பந்தத்தில் ‘மதிப்பில் இத்தனை சதவீதம் உள்நாட்டில் சேர்ந்திருக்க வேண்டும்’ என்று இருக்கும். அப்போது வெறுமனே பூட்டி அனுப்புகிறவருக்கு அதே குடைக்குச் சலுகை கிடைக்காமல் போகலாம். வர்த்தகக் கொள்கைப் பாடத்தில் இதே விஷயம் இருபது பக்கத்தில் வரும், ஒரு குடையைக் கையில் வைத்துக்கொண்டு படித்தால் அரைமணி நேரத்தில் பிடிபடும்.

கோட்பாடுகளைக் கேள்விகளாகப் படியுங்கள்

வர்த்தகக் கோட்பாடுகளை ஆள் பெயர், வருஷம், மூன்று வரி என்று மனப்பாடம் செய்வது வீண். ஒவ்வொன்றும் முந்தையது விட்ட ஓட்டையை அடைக்க வந்தது என்று பார்த்தால் வரிசை தானாக நினைவில் நிற்கும். 1776-ல் ஆடம் ஸ்மித், எதை யார் மலிவாகச் செய்ய முடியுமோ அதை அவர் செய்யட்டும் என்றார். சரி, எல்லாவற்றையும் ஒரே நாடு மலிவாகச் செய்ய முடிந்தால்? அந்தக் கேள்விக்கு 1817-ல் டேவிட் ரிக்கார்டோ கொடுத்த கணக்கை நீங்களே ஒருமுறை போட்டுப் பார்த்துவிடுங்கள். இங்கிலாந்தில் குறிப்பிட்ட அளவு துணி நெய்ய 100 பேரின் ஒரு வருஷ உழைப்பு, ஒயினுக்கு 120 பேர். போர்ச்சுகலில் துணிக்கு 90, ஒயினுக்கு 80. இரண்டிலும் போர்ச்சுகல்தான் கெட்டி. ஆனாலும் போர்ச்சுகல் ஓர் அளவு ஒயினைக் கைவிட்டால் அந்த ஆட்களால் 0.89 அளவு துணிதான் நெய்ய முடியும், இங்கிலாந்து ஓர் அளவு ஒயினைக் கைவிட்டால் 1.2 அளவு துணி கிடைக்கும். ஆக ஒயினைப் போர்ச்சுகலும் துணியை இங்கிலாந்தும் மட்டும் தயாரித்தால், இடையில் எந்த விகிதத்தில் மாற்றிக்கொண்டாலும் இருவருக்கும் லாபம். இந்த வகுத்தலைப் போடாமல் ‘ஒப்பீட்டு அனுகூலம்’ என்ற சொல்லை மட்டும் எழுதியவர்களின் விடைத்தாளைப் பார்த்தாலே தெரிந்துவிடும்.

அப்புறம் ஹெக்சரும் ஓலினும் அந்த வித்தியாசம் எங்கிருந்து வருகிறது என்று கேட்டு, ஒரு நாட்டிடம் உழைப்பு அதிகமா மூலதனம் அதிகமா என்று பார்த்தார்கள், எது அதிகமோ அது அதிகம் தேவைப்படும் பொருளை அந்த நாடு ஏற்றுமதி செய்யும் என்றார்கள். 1953-ல் லியோன்டிஃப் அமெரிக்கப் புள்ளிவிவரத்தை எடுத்துப் பார்த்து, மூலதனம் அதிகமுள்ள நாட்டின் ஏற்றுமதியில் உழைப்புதான் அதிகம் இருக்கிறது, விடை தலைகீழாக வருகிறதே என்றார். 1966-ல் ரேமண்ட் வெர்னன், பொருளுக்கு வயது ஏற ஏற உற்பத்தி இடம் மாறுவதைச் சொன்னார். ஜான் டன்னிங் கேட்டது வேறு: ஏற்றுமதி செய்யலாம், உரிமம் கொடுக்கலாம், பிறகு ஏன் ஒரு நிறுவனம் வெளிநாட்டில் போய்ச் சொந்தமாகத் தொழிற்சாலை கட்டுகிறது? 1977-ல் யோஹான்சனும் வால்னேயும் சுவீடன் நிறுவனங்களைப் பார்த்து, அவை தமக்குப் பரிச்சயமான சந்தைகளிலிருந்து தொடங்கி மெல்ல மெல்லத் தூரம் போகின்றன என்றார்கள். இத்தனையையும் குடைக்குக் கேட்டுப் பாருங்கள். வெர்னனுக்குக் குடை அச்சாகப் பொருந்தும், டன்னிங்குக்கு யோசிக்க வேண்டியிருக்கும், அந்த யோசனைதான் கட்டுரையாக எழுத வேண்டிய விஷயம்.

காகிதங்களோடு பழகுங்கள்

பல பல்கலைக்கழகங்களில் இது ஒரே ஒரு வாரத்தில் முடிந்துவிடும். வேலையில் சேர்ந்தால் தினமும் இதுதான். அதனால் பாடத்திட்டம் கேட்காவிட்டாலும் நீங்களாகப் படித்துவிடுங்கள்.

இன்கோடெர்ம்ஸ் முதலில். சர்வதேச வர்த்தகச் சபை 1936-லிருந்து வெளியிட்டு வரும் இந்த விதிகளின் 2020 பதிப்பில் பதினோரு விதிகள் இருக்கின்றன. விற்பவர் எங்கே வரைக்கும் செலவு ஏற்பார், எந்த இடத்தில் ஆபத்து வாங்குபவர் தலைக்கு மாறும் என்பதை ஒவ்வொன்றும் சொல்லும். சரக்கின் உரிமை எப்போது கைமாறும் என்பதை இவை சொல்வதே இல்லை, தேர்வில் நிறையப் பேர் தவறுவது இங்கே. இன்னொரு பெரிய குழப்பம், விலையோடு காப்பீடும் கப்பல் கட்டணமும் சேர்ந்த சி.ஐ.எஃப். என்ற விதி. விற்பவர்தான் சேரும் துறைமுகம் வரைக்கும் கப்பல் கட்டணமும் காப்பீடும் கட்டுகிறார், அதனால் அங்கே போய்ச் சேரும்வரை பொறுப்பும் அவருடையது என்று தோன்றும். அப்படி இல்லை. ஏற்றும் துறைமுகத்தில் சரக்கு கப்பலில் ஏறியதுமே ஆபத்து வாங்குபவருடையது. நடுக்கடலில் கன்டெய்னருக்குள் கடல்நீர் கசிந்து குடைத்துணி முழுக்கப் பூஞ்சை பிடித்தால் நஷ்டம் வாங்குபவருக்கு, காப்பீட்டைக் கேட்டு அலைய வேண்டியவரும் அவர்தான். கேட்டாலும் கிடைக்குமா? சி.ஐ.எஃப்.-ல் விற்பவர் எடுத்துத் தரவேண்டியது குறைந்தபட்சக் காப்பீடு மட்டுமே, ‘சி’ வகைச் சரக்குக் காப்பீடு, கப்பல் மூழ்குவது, தரைதட்டுவது, தீப்பிடிப்பது போன்றவற்றுக்கு அது உண்டு, சாதாரணமாகக் கடல்நீர் கசிந்ததற்குக் கிடையாது. இந்த ஒரு உதாரணத்தை வரைந்து பார்த்தால் செலவும் ஆபத்தும் வெவ்வேறு இடத்தில் மாறுகின்றன என்பது மறக்காது. கூடவே இன்னொன்று: சரக்கைக் கப்பலில் ஏற்றித் தருவதோடு விற்பவரின் செலவு முடிகிற எஃப்.ஓ.பி.யும், சி.ஐ.எஃப்.பும் கடல்வழி, உள்நாட்டு நீர்வழிக்கு மட்டும் ஆனவை. கன்டெய்னரைக் கப்பலில் ஏற்றுவதற்கு முன்பே முனையத்தில் ஒப்படைத்துவிடுகிறோம் என்பதால் கன்டெய்னர் சரக்குக்கு, ஏற்றிச்செல்பவரிடம் ஒப்படைக்கும்போதே ஆபத்து மாறும் எஃப்.சி.ஏ., சி.ஐ.பி. போன்ற விதிகள்தான் பொருத்தம், ஆனாலும் பழக்கத்தில் எஃப்.ஓ.பி. என்றே எழுதிக்கொண்டிருப்பதைப் பார்ப்பீர்கள்.

அடுத்து எல்.சி., அதாவது லெட்டர் ஆஃப் கிரெடிட். முன்பின் தெரியாத இருவர் வியாபாரம் செய்யும்போது நடுவில் வங்கி நின்று, ‘நீ கேட்ட ஆவணங்களைக் கொடு, நான் பணம் தருகிறேன்’ என்கிற ஏற்பாடு. பெரும்பாலான எல்.சி.க்கள் 2007 ஜூலை 1 முதல் நடைமுறையில் இருக்கும் யு.சி.பி. 600 என்ற விதித்தொகுப்பின்படி நடக்கின்றன, மொத்தம் 39 பிரிவுகள்தான், ஒரு மாலையில் படித்துவிடலாம். அதன் உயிர்நாடி ஒரே வரி: வங்கி பார்ப்பது ஆவணங்களை, சரக்கை அல்ல. பெட்டிக்குள் அருமையான குடைகள் இருந்தாலும் காகிதம் தவறினால் பணம் நிற்கும். நான் வேலை பார்த்த இடத்தில் ஒருமுறை அப்படி நடந்தது. எல்.சி.யில் ‘மடக்கு’ என்ற சொல் இருந்தது, எங்கள் இன்வாய்ஸில் அது விட்டுப்போய் வெறும் ‘கறுப்புக் குடை’ என்று போயிருந்தது. யு.சி.பி.யின்படி இன்வாய்ஸில் சரக்கின் விவரம் எல்.சி.யில் உள்ளதோடு பொருந்த வேண்டும், மற்ற ஆவணங்களில் பொதுவாக எழுதினால் போதும், ஆனால் இன்வாய்ஸில் சலுகை இல்லை. வங்கிக்குப் பார்க்க அதிகபட்சம் ஐந்து வங்கி வேலைநாள். ஐந்தாவது நாள் நிராகரிப்பு வந்தது. சரக்கு அதற்குள் துறைமுகத்தில் இறங்கி, ஒவ்வொரு நாளும் வாடகை ஏறிக்கொண்டிருந்தது, வாங்குபவர் சம்மதம் தந்தால்தான் பணம் என்ற நிலை, அவரோ அதற்காக விலையைக் குறைக்கச் சொன்னார். ஒரு சொல்தான். அன்றிலிருந்து எல்.சி.யை ஒரு பக்கமும் இன்வாய்ஸை ஒரு பக்கமும் வைத்து விரலால் தொட்டுத் தொட்டு ஒவ்வொரு சொல்லாகப் படிப்பதை நான் நிறுத்தவில்லை. நீங்களும் வகுப்பில் மாதிரி ஆவணங்கள் கொடுத்தால் அப்படியே படித்துப் பழகுங்கள்.

கப்பல் நிறுவனம் சரக்குக்குத் தரும் சீட்டான பில் ஆஃப் லேடிங்குக்கு மூன்று வேலை உண்டு என்பதையும் நினைவில் வையுங்கள்: சரக்கைப் பெற்றுக்கொண்டதற்கு ரசீது, ஏற்றிச்செல்லும் ஒப்பந்தத்துக்குச் சாட்சி, சரக்குக்கு உரிமை ஆவணம். மூன்றாவது இருப்பதால்தான் அந்தத் தாள் கைமாறினால் சரக்கே கைமாறுகிறது.

நாணயம்

சர்வதேச நிதியைப் பார்த்துப் பயப்படுபவர்கள் அதிகம். இரண்டு கணக்கு போட்டால் பயம் போய்விடும். வெளிநாட்டு நாணயத்தில் 1,00,000-க்கு குடை விற்றிருக்கிறீர்கள், பணம் மூன்று மாதம் கழித்து. இன்றைய மாற்று விகிதம் 100 என்று வைத்துக்கொள்வோம், உங்கள் நாணயத்தில் அது ஒரு கோடி. மூன்று மாதத்தில் விகிதம் 95 ஆகிவிட்டால் 95 லட்சம்தான் வரும். இந்த ஆர்டரில் நீங்கள் எதிர்பார்த்த லாபம் நாலு லட்சம் என்றால் அது போய் மேலே ஒரு லட்சம் நஷ்டம். குடையில் ஒரு குறையும் இல்லை, வாங்கியவரும் ஒழுங்காகப் பணம் கொடுத்தார், ஆனாலும் நஷ்டம். இதைத் தடுக்க, பின்னால் மாற்றப்போகும் விகிதத்தை இன்றைக்கே முடிவுசெய்துகொள்ளும் ஃபார்வர்ட் ஒப்பந்தத்தை வங்கியோடு போடலாம். அந்த ஃபார்வர்ட் விகிதம் எங்கிருந்து வருகிறது? எதிர்காலத்தைப் பற்றி வங்கியின் கணிப்பு என்றுதான் பலரும் நினைக்கிறார்கள். அது இரண்டு நாட்டு வட்டி வித்தியாசத்தின் கணக்கு. உங்கள் நாட்டில் வருஷ வட்டி 8 சதவீதம், அங்கே 3 சதவீதம் என்றால், மூன்று மாதத்துக்கு முறையே 2, 0.75 சதவீதம். 100 × 1.02 ÷ 1.0075 = 101.24. அவ்வளவுதான்.

‘அந்த நாணயம் நிலையானது, கவலை வேண்டாம்’ என்று யாராவது சொன்னால் 2015 ஜனவரி 15-ஐ நினைத்துக்கொள்ளுங்கள். ஒரு யூரோவுக்கு 1.20 ஃப்ராங்க் என்ற வரம்பை 2011 செப்டம்பர் முதல் காத்துவந்த சுவிஸ் தேசிய வங்கி, அன்றைக்கு முன்னறிவிப்பில்லாமல் அதைக் கைவிட்டது. சில நிமிடங்களில் ஃப்ராங்க் எகிறி, ஒரு யூரோ ஒரு ஃப்ராங்குக்கும் கீழே போய்விட்டது. அந்த நாளை மட்டும் எடுத்துக்கொண்டு, ஃப்ராங்கில் கடன் வாங்கியவர், ஃப்ராங்கில் செலவு செய்து யூரோவில் விற்றவர், இரண்டு பேருக்கும் என்ன ஆகியிருக்கும் என்று எழுதிப் பாருங்கள், அரைப் பாடம் அதிலேயே இருக்கிறது.

பண்பாட்டுப் பாடத்தில் கவனம்

நெதர்லாந்து ஆய்வாளர் ஹாஃப்ஸ்டெட் பெயர் இல்லாமல் இந்தப் படிப்பு இருக்காது. 1967-க்கும் 1973-க்கும் இடையில் ஐ.பி.எம். ஊழியர்களிடம் எடுத்த கருத்துக்கணிப்புகளிலிருந்து நாடுகளின் பண்பாட்டை எண்களாக்கினார், முதலில் நாலு பரிமாணங்கள், பின்னால் ஆறு ஆனது. பயனுள்ள தொடக்கம்தான். ஆனால் அது ஒரே நிறுவனத்து ஊழியர்களின் பதில், அதுவும் நாட்டுச் சராசரி. எதிரே உட்கார்ந்திருக்கும் ஒரு மனிதர் அந்தச் சராசரிப்படி நடப்பார் என்று நினைத்தால் அவமரியாதையில் போய் முடியும். கட்டுரையில் அந்த எண்களைப் பயன்படுத்தும்போது இந்த வரம்பையும் ஒரு வரி சேர்த்து எழுதுங்கள்.

கேஸ் ஸ்டடிகளில் இன்னும் ஜாக்கிரதை. அமெரிக்கச் சில்லறைக் கடை நிறுவனமான வால்மார்ட் 1990-களின் கடைசியில் ஜெர்மனிக்குப் போய் 2006-ல் வெளியேறியதைச் சொல்லும்போது, ஊழியர்களைச் சிரிக்கச் சொன்னது வாடிக்கையாளருக்குப் பிடிக்கவில்லை என்பதைத்தான் எல்லோரும் சுவையாகச் சொல்வார்கள். அங்கே ஏற்கெனவே வலுவாக இருந்த மலிவு விலைக் கடைகள், அடக்கவிலைக்குக் கீழே விற்பதைக் கட்டுப்படுத்தும் சட்டம், தொழிற்சங்க உறவு, இவையெல்லாம் பின்னால் தள்ளப்பட்டுவிடும். இன்னொரு அமெரிக்கக் கடை நிறுவனமான டார்கெட் கனடாவுக்குப் போனதை இதோடு சேர்த்துப் படியுங்கள். பக்கத்து நாடு, பெரும்பகுதி ஒரே மொழி, அதே பிராண்டைக் கனடாக்காரர்கள் எல்லை தாண்டிப் போய் வாங்கிக்கொண்டும் இருந்தார்கள். 2013-ல் கடைகள் திறந்தன, 133 வரை போயிற்று, 2015 ஜனவரியில் மூடுவதாக அறிவித்துவிட்டார்கள். சரக்கு மேலாண்மை மென்பொருளில் பொருள்களின் விவரங்கள் தப்பாக ஏறியிருந்ததால் கிடங்கில் குவியல், கடையில் காலி அலமாரி. பண்பாட்டுத் தூரம் குறைவு, ஆனால் அட்டவணையில் அளவு தப்பு. அதனால் எந்தக் கேஸ் வந்தாலும் முதலில் எண்களையும் சட்டத்தையும் சப்ளை செயினையும் பார்த்துவிட்டு, கடைசியில் பண்பாட்டுக்கு வாருங்கள் என்பது என் கருத்து.

குழு வேலை நிறைய இருக்கும். முதல் கூட்டத்திலேயே யார் எதை எந்த நாளுக்குள் என்று எழுதி எல்லோரும் ஒப்புக்கொள்ளுங்கள், ஒரே கோப்பில் வேலை செய்யுங்கள். மொழியைப் பொறுத்தவரை ஒன்று போதும், ஆனால் அந்த ஒன்றில் ஒரு வியாபார மின்னஞ்சலை அகராதி இல்லாமல் படித்துப் பதில் எழுதும் அளவுக்கு வாருங்கள். மூன்று மொழியில் வணக்கம் சொல்லத் தெரிவதால் பயனில்லை.

வெளிநாட்டு செமஸ்டர்

வாய்ப்பு கிடைத்தால் போங்கள். ஆனால் கிளம்பும் முன், அங்கே எடுக்கும் எந்தப் பாடம் இங்கே எந்தப் பாடத்துக்கு ஈடு என்று எழுத்தில் வாங்கி, இரண்டு பக்கமும் கையெழுத்தான பிறகே டிக்கெட் எடுங்கள். நான் ஒரு பாடத்துக்கு ‘பிரச்சினை இருக்காது’ என்ற வாய்ச்சொல்லை நம்பிப் போய்விட்டேன். திரும்பி வந்தபோது அந்தப் பொறுப்பில் வேறொருவர் இருந்தார், கிரெடிட் ஏற்கப்படவில்லை, கடைசி வருஷத்தில் அந்தப் பாடத்தை மறுபடியும் உட்கார்ந்து எழுதினேன். அங்கே போன பிறகு ஒரு பாடம் ரத்தாகி வேறு பாடம் எடுக்க நேர்ந்தால், அன்றைக்கே ஊருக்கு மின்னஞ்சல் போட்டு மாற்றத்தை உறுதிசெய்துகொள்ளுங்கள். வகுப்பில் ஒவ்வொரு பாடத்துக்கும் கொடுக்கும் விரிவான சிலபஸ் தாளையும் பத்திரமாக வையுங்கள், ஈடு பார்ப்பவர் அதைத்தான் கேட்பார்.

இன்டர்ன்ஷிப்பும் கடைசி வருஷமும்

பெரிய நிறுவனத்தின் பெயருக்காக ஏதோ ஒரு மூலையில் பவர்பாயின்ட் செய்துகொண்டிருப்பதைவிட, பத்துப் பேர் வேலை செய்யும் சரக்கு அனுப்பும் ஏஜென்சியில் இரண்டு மாதம் இருப்பது மேல். தொலைபேசியை எடுப்பீர்கள், கப்பல் தாமதமானதைச் சொல்லித் திட்டு வாங்குவீர்கள், பெட்டிகளின் அளவைப் பெருக்கிக் கன்டெய்னரில் எத்தனை கொள்ளும் என்று பார்ப்பீர்கள். 60 × 40 × 30 சென்டிமீட்டர் பெட்டி 0.072 கன மீட்டர். 20 அடி கன்டெய்னரின் உள் கொள்ளளவு ஏறக்குறைய 33 கன மீட்டர், நடைமுறையில் 28 நிரம்பும் என்று வைத்தால் 388 பெட்டி. பெட்டிக்கு 48 குடை என்றால் 18,624. இந்த எண் கைக்கு வந்ததும், வாங்குபவர் 20,000 குடை கேட்டால் விலை பேசும்போது என்ன சொல்ல வேண்டும் என்று தானாகப் புரியும்.

வேலை என்று பார்த்தால் ஏற்றுமதி ஆவணங்கள், சுங்கத் தரகு, சரக்கு அனுப்புதல், வங்கியின் வர்த்தக நிதிப் பிரிவு, கொள்முதல், வர்த்தகத் தடை விதிகளைச் சரிபார்க்கும் பிரிவு, இவைதான் புதியவர்களுக்குத் திறக்கும் கதவுகள். வேலை விளம்பரங்களில் தேடும்போது ‘சர்வதேச வணிகம்’ என்று தட்டினால் அதிகம் வராது, இந்தப் பெயர்களைத் தட்டுங்கள்.

கடைசி வருஷ ஆய்வுக்கு மறுபடியும் குடைக்கே வாருங்கள். நாடுகளின் ஏற்றுமதி, இறக்குமதிக் கணக்குகளைத் தொகுக்கும் ஐ.நா.வின் காம்ட்ரேட் தரவுத்தளத்தில் 6601-ஐப் போட்டு, ஒரு நாடு இன்னொரு நாட்டுக்கு ஏற்றுமதி செய்ததாகச் சொல்லும் தொகையையும், அந்த இன்னொரு நாடு இறக்குமதி செய்ததாகச் சொல்லும் தொகையையும் பக்கத்தில் பக்கத்தில் வையுங்கள். இரண்டும் பொருந்தாது. ஏற்றுமதியை எஃப்.ஓ.பி. மதிப்பிலும் இறக்குமதியைக் கப்பல் கட்டணமும் காப்பீடும் சேர்ந்த சி.ஐ.எஃப். மதிப்பிலும் பதிவதுதான் வழக்கம், டிசம்பரில் கிளம்பியது ஜனவரியில் இறங்கும், நடுவில் மூன்றாவது நாட்டுத் துறைமுகம் வழியாகப் போனதை ஒருவர் ஒரு பெயரிலும் மற்றவர் வேறு பெயரிலும் எழுதுவார். இந்த வித்தியாசத்தை விளக்க முயல்வதே ஒரு நல்ல ஆய்வுத் தலைப்பு, இதற்குப் பணம் கொடுத்து எந்தத் தரவும் வாங்க வேண்டியதில்லை.

பட்டம் வாங்கியதும் பல்கலைக்கழகக் கணக்கு மூடப்பட்டுவிடும், அதோடு கட்டணத் தரவுத்தளங்களும் உங்கள் பழைய மின்னஞ்சல்களும் போய்விடும். கடைசித் தேர்வுக்கு முந்தைய வாரமே உங்கள் கட்டுரைகள், எக்செல் கோப்புகள், சிலபஸ் தாள்கள், பரிந்துரைக் கடிதம் தருவதாகச் சொன்ன ஆசிரியர்களின் மின்னஞ்சல்கள் எல்லாவற்றையும் சொந்தக் கணினியில் இறக்கி, இன்னொரு பிரதியும் எடுத்து வைத்துவிடுங்கள்.